இருபத்திமூன்று பேருக்கு ஒரு கை நீர்

1996ஆம் வருஷம் ஆடி அமாவாசையன்று காலை எட்டரை மணிக்கு ஒரு வெள்ளை அம்பாசிடர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. புனேயிலிருந்து சுந்தர்ராமன் வந்து இறங்கினான். கூடவே மனைவி ஸ்ரீலக்ஷ்மியும் எட்டு வயசுப் பெண் மஹாலக்ஷ்மியும். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டை நான் முந்தின நாளே திறந்து கூட்டிவைத்திருந்தேன். சுவரெல்லாம் ஈர வாசனை, உத்தரத்தில் வௌவால் நாற்றம், அவ்வளவுதான். மற்றபடி குறை சொல்ல முடியாத வீடு. அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நம்பாதீர்கள். வீட்டின் பேரில் ஒரு தப்பும் கிடையாது. தப்பு என் பேரில்.

என் பெயர் சிவசைலம். கல்லிடைக்குறிச்சியில் வைதிகம் பண்ணிவைக்கிற சாஸ்திரிகள். சுந்தர்ராமன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. அவன் கணக்குப் படித்து வடக்கே போய்விட்டான், நான் மந்திரம் படித்து ஊரோடு நின்றுவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் என்னைச் 'சாஸ்திரிகளே' என்பான். தனியாக இருந்தால் 'டேய் சிவசைலம்'தான்.

அவன் அப்பா கோபாலசுப்பிரமணியன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வருஷத் திதியை புனேயிலேயே முடித்துவிட்டு, அப்பா நின்ற ஆற்றில் ஒரு தடவையாவது நின்று தர்ப்பணம் பண்ணவேண்டும் என்று வந்திருந்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் சாயங்காலமே ரயில்.

"எவ்வளவு நாழியாகும் சாஸ்திரிகளே?"

"அரைமணி. ஓட்டமா ஓட்டினா இருபத்தஞ்சு நிமிஷம்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இன்னும் மூன்று வீடுகள் பாக்கி.

பொம்மனாட்டிகள் தர்ப்பணத்துக்கு வருகிற வழக்கம் இல்லை. ஸ்ரீலக்ஷ்மி வீட்டில் சமையலைப் பார்க்க, ஆறு பார்க்கவேண்டும் என்று குழந்தை மட்டும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேற்கே மலையில் சாரல் பிடித்திருந்தது. தாமிரபரணி கலங்கலாக, படித்துறையில் நாலு படியை முழுங்கிக்கொண்டு போயிற்று. தலைக்கு மேலே மட்டும் சுள்ளென்று உச்சி வெயில்.

தர்ப்பணத்தில் ஒரு கணக்கு உண்டு. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைக்குத்தான் பெயர் சொல்லி எள்ளும் நீரும். புதிதாக ஒருவர் போய்ச் சேர்ந்தால், மேலே இருப்பவர் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவவேண்டியதுதான். அதற்கப்புறம் அவர் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. பெரியவர்கள் யோசித்து வைத்ததுதான். எத்தனை பேரைத்தான் ஒருவன் சுமப்பான்?

கோபாலசுப்பிரமணியன் மட்டும் அந்தக் கணக்கில் அடங்க மாட்டார். தன் மூன்று தலைமுறைக்கும் கொடுத்து முடித்த பிறகு, ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு இன்னும் இருபத்திமூன்று பெயர்களைச் சொல்லி, பெயருக்கு மூன்று கை நீர் விடுவார். பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது அவருடன் புறப்பட்டவர்கள். யுத்தத்தில் ரங்கூனில் குண்டு விழுந்ததும், லட்சக்கணக்கில் நம் ஜனங்கள் மலையும் காடுமாக நடந்தார்களே, அந்த நடை. இருபத்துநாலு பேராகப் புறப்பட்டார்கள். வந்து சேர்ந்தது அவர் ஒருவர்.

முதல் வருஷம் நான் சண்டை போட்டேன். ஜமீலா பீவி, மைதீன் பாத்திமா, தேவதாசன் என்றெல்லாம் பெயர் வந்தது.

"கோத்திரம் தெரியாம எப்படி மாமா? அவாளுக்கெல்லாம் இது உண்டோ?"

"தண்ணி குடிக்கறதுக்குக் கோத்திரம் எதுக்கு ஓய்? நீர் சும்மா நில்லும்," என்றார்.

பதினைந்து வருஷம் சும்மா நின்றேன். கரையில் நின்றுகொண்டு அடுத்த வீட்டுக்கு வாழைக்காய் வாங்கியாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அன்று சுந்தர்ராமன் மூன்று தலைமுறையை முடித்துவிட்டு நிமிர்ந்தான். "அப்பா இன்னும் ஏதோ பேரெல்லாம் சொல்லுவாரே?"

"ஆமாம். இருபத்திமூணு பேர். எழுதி வச்சிருக்காரா?"

"ஒண்ணும் எழுதலை. எங்காத்துல அதெல்லாம் வேடிக்கைக் கதை. நான் பஸ்ஸுக்கு நிக்க மாட்டேன்னா, 'ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்தவன்டா நான்'பார். நாங்க சிரிப்போம். நடந்த வருஷம் நாப்பத்திரண்டா, நாப்பத்திமூணான்னுகூட எனக்கு நிச்சயமாத் தெரியாது."

படியில் உட்கார்ந்திருந்த மஹாலக்ஷ்மி கேட்டாள். "யாருப்பா அந்த இருபத்திமூணு பேர்?"

"அதெல்லாம் சரித்திரம், கண்ணா."

"எங்க புஸ்தகத்துல இருக்கா?"

"இருக்கும்."

"இல்லைப்பா. சண்டைன்னு ரெண்டு வரி இருக்கு. யாரும் நடந்ததா இல்லை."

சுந்தர்ராமன் மணிக்கட்டைப் பார்த்தான். கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தது அவனுக்கு மறந்துவிட்டது. நான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். "கவலைப்படாதே. யாருமில்லாத அத்தனை பேருக்கும் சேர்த்துக் கடைசியில ஒரு மந்திரம் இருக்கு. ஒரே கையா விட்டுடலாம். எல்லாரும் அதுல அடக்கம்."

"போறுமா?"

"தாராளமா."

எள்ளை அள்ளி, நீரை அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாய்த்து விட்டான். இருபத்திமூன்று பேருக்கு ஒரு கை.

நீர் அவன் கையை விட்டு இறங்கியதைப் பார்த்தேன்.

ஆற்றில் விழுந்ததைப் பார்க்கவில்லை.

எள்கூட ஒன்று மிதக்கவில்லை. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஞ்சபாத்திரத்தை எடுத்தேன். அப்போது பின்னாலிருந்து குழந்தை சொன்னாள். "அப்பா, ரொம்ப தாகமா இருக்கு."

மூன்று மணிக்கு நான் கடைசி வீட்டு இலையில் உட்காரப் போகும்போது ஆள் வந்துவிட்டது. ஓடினேன். ஸ்ரீலக்ஷ்மி கூடத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சொம்பு, டவரா, குடம், கவிழ்ந்து கிடந்த வாளி. கடைத்தெரு டாக்டர் வந்து சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லி, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஏற முக்கால் மணியாவது பிடிக்கவேண்டிய பாட்டில், அவர் கைகழுவிவிட்டு வருவதற்குள் காலி. இன்னும் பாட்டில் கொண்டுவர அம்பாசமுத்திரத்துக்கு ஸ்கூட்டரில் போயிருந்தார்.

"பதினொண்ணரையிலேர்ந்து குடிக்கறா மாமா," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நாலு குடம் ஆச்சு. வயிறு உப்பலை. ஒண்ணுக்கும் போகலை. எங்கே போறது அந்தத் தண்ணியெல்லாம்?"

குழந்தையின் கையைத் தொட்டேன். வெயிலில் கிடந்த அப்பளம்போல மொரமொரவென்று இருந்தது. உதடு நாலைந்து இடத்தில் பிளந்திருந்தது. ரத்தம் இல்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் குரலேதான், சின்னக் குரல். புனேயில் பிறந்து, அரைகுறைத் தமிழில் பேசுகிற குழந்தை.

"ஏ தம்பி, எனக்கு வேண்டாம். பிள்ளைக்கு மட்டும் ஒரு மடக்கு தாயேன்."

சுந்தர்ராமன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"அந்த டின்னுல இன்னும் கெடக்குல்லா. சளப்புச் சளப்புன்னு கேக்கே."

 அந்த டின் எனக்குத் தெரியும்.

போவதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் கோபாலசுப்பிரமணியன் என்னிடம் சொல்லியிருக்கிறார். துண்டைப் பிழிந்துகொண்டே, ஊர்ச் சமாசாரம் சொல்வதுபோலச் சொன்னார். அப்போது அவருக்கு வயசு பத்தொன்பது, கூட்டத்திலேயே திடமான ஆள். அதனால் தண்ணீர் இருந்த மண்ணெண்ணெய் டின்னை அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். மலைப்பாதையில் காலரா வந்தது. விழுந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார்கள். "கொடுத்தாலும் பிழைக்க மாட்டாங்கறது முகத்தைப் பாத்தாலே தெரியும் ஓய். அப்புறம் எதுக்கு வீணாக்கணும்? கணக்குப் போட்டேன். நடந்துண்டே இருந்தேன். பாக்கியவதின்னு ஒருத்தி, கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிக் காட்டிக் கேட்டா. திரும்பிப் பாக்கலை. கடைசில முகாமுக்கு வந்து டின்னை இறக்கினா, அதுல கால்வாசி இருந்துது."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆவணி அமாவாசை ரெண்டு நாள் வரது மாமா, எந்த நாள் வச்சுக்கலாம்?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "உமக்கு எது சௌகரியமோ," என்றார்.

"ஆத்துக்குத் தூக்கு," என்று சுந்தர்ராமனிடம் கத்தினேன். "பேர் சொல்லிக் கொடுக்கணும். இன்னும் பொழுது இருக்கு."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஸ்ரீலக்ஷ்மியும் வாசல்வரை ஓடிவந்தாள். வழக்கமில்லை என்று நான் தடுத்தேன். அதையும் நான்தான் செய்தேன்.

படித்துறையில் ஒருவரும் இல்லை. குழந்தையைத் தண்ணீரை ஒட்டிய படியில் உட்காரவைத்தோம். ஆறு அவள் காலை நனைத்துக்கொண்டு போயிற்று. கால் நனையவில்லை.

"பேரைச் சொல்லு, சிவசைலம்," என்றான் சுந்தர்ராமன்.

"ஜமீலா பீவி."

மூன்று கை விட்டான். குழந்தை நீளமாக ஒரு மூச்சு விட்டாள். உதட்டில் ஒரு பிளவு கூடியதை இரண்டு பேரும் பார்த்தோம். சுந்தர்ராமனுக்கு அழுகை வந்துவிட்டது.

"மைதீன் பாத்திமா. தேவதாசன். பாக்கியவதி."

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு. பாக்கியவதிக்கு இரண்டு. குழந்தை கண்ணில் ஈரம் தெரிந்தது. "அப்பா," என்று அவளாகவே கூப்பிட்டாள்.

"அடுத்தது? சொல்லுடா!"

அடுத்தது வரவில்லை.

பதினைந்து வருஷம் காதில் விழுந்த பெயர்கள். எனக்குப் பிடிக்காமல் போன மூன்று பெயர்களும், அவர் குரல் உடைகிற ஒரு பெயரும்தான் மனசில் தங்கியிருந்தன. பாக்கி பத்தொன்பதும் சாதாரணமான நல்ல பெயர்கள். அதனாலேயே நான் கேட்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டேன். படியில் தலையை மோதிக்கொண்டேன். வாழைக்காய்தான் ஞாபகம் வந்தது.

குழந்தை மறுபடியும் வறள ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. சாஸ்திரிகளுக்குத்தான் வரும் அந்த மாதிரி யோசனை. கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது என்று தினமும் எவனாவது வந்து நிற்கிறான். உத்தேசமாக ஒரு பெயரைப் போட்டு ஓட்டிவிடுவோம். அங்கே யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

"நம்ம ஜில்லாலேர்ந்து பர்மா போனவா பேரெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்," என்றேன். "உத்தேசமாச் சொல்றேன். நீ விடு. சங்கரலிங்கம்."

விட்டான். குழந்தை சட்டென்று நிமிர்ந்து, "இங்கன இருக்கேன்!" என்றாள்.

பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாடசாமி."

"இங்கன இருக்கேன்!"

"ஆறுமுகம். செல்லையா. பேச்சியம்மாள். அந்தோணி."

ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. ஒரு கை விடுவதற்குள் இரண்டு பதில் வந்தது. ஒன்பதோ பத்தோ சொல்லியிருப்பேன். அப்போது குழந்தை முகத்தைச் சுளித்து, தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ, இவங்கல்லாம் யாரு? இவங்க நம்ம கூட்டம் இல்லியே."



அந்தப் பாதையில் தாகத்தோடு செத்தது இருபத்திமூன்று பேர் மட்டுமா? சங்கரலிங்கம் என்ற பெயரில் எத்தனை பேர் கிடந்திருப்பார்கள்? ஐம்பத்துநாலு வருஷமாக யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டுவிட்டேன்.

"பைய, பைய. தள்ளாதீக," என்றாள் குழந்தை.

அவள் உடம்பு நசுங்கியது. நாலாபக்கமும் ஆள் நெருக்குகிற மாதிரி, தோள் இரண்டும் காதோடு ஒட்டிக்கொண்டன. சுந்தர்ராமன் அவளைக் கட்டிக்கொண்டான். இரண்டு கையாலும் ஆற்றை வாரி வாரி அவள் வாயில் ஊற்றினான். அத்தனையும் போயிற்று. ஒரு சொட்டு மோவாயில் வழியவில்லை.

"உங்க பேரை நீங்களே சொல்லுங்கோ!" என்று அலறினான். "சொல்லுங்கோ, எல்லாருக்கும் தரேன். என் குழந்தையை விட்டுடுங்கோ!"

குழந்தை யோசித்தாள். நிஜமாகவே, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதற்கு யோசிப்பதுபோல, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"மறந்துபோச்சு, தம்பி."

பிறகு ரொம்பக் கூச்சத்தோடு சொன்னாள். "எங்களைக் கூப்பிட அவன் ஒருத்தன்தானே இருந்தான்."

சுந்தர்ராமன் ஆற்றைப் பார்த்துத் திரும்பினான். காலையில் அதே இடத்தில் நின்று, முதல் பெயராக யாருக்கு நீர் விட்டானோ அவரைக் கூப்பிட்டான்.

"அப்பா! உங்களுக்குத் தெரியுமேப்பா. வந்து சொல்லுங்கோ. உங்க பேத்திப்பா."

ஆற்றுச் சத்தம் நின்றது. வெள்ளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

குழந்தையின் முகம் தெளிந்தது. தோள்கள் இறங்கின. சுற்றி நெருக்கியவர்கள் எல்லாம் யாருக்கோ வழிவிட்டதுபோல இருந்தது. அவள் தன் அப்பாவை நிதானமாக ஏறிட்டுப் பார்த்தாள். ஆளை எடை போடுகிற அந்தப் பார்வையைப் பதினைந்து வருஷம் பார்த்தவன் நான்.

"சுந்தரம்," என்றாள். "இவளுக்குக் கொடுக்காதே. முகத்தைப் பாத்தாலே தெரியறது. பிழைக்க மாட்டா. வீண்."

சுந்தர்ராமன் அடுத்த கை நீரை அள்ளினான்.

"திரும்பிப் பாக்காதே. நீ நட."

அவன் நடக்கவில்லை. அதை நான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன், இங்கேயும் சொல்கிறேன். அவன் நடக்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, இருட்டுகிறவரை நீரை அள்ளி அள்ளி அவள் வாயில் விட்டுக்கொண்டிருந்தான். அவள் போய் வெகுநேரம் ஆன பிறகும் அந்த வாய் குடித்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் ஸ்ரீலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். குழந்தையைக் கையில் வாங்கினாள். ஒரு கட்டுச் சுள்ளியின் பாரம்கூட இல்லை. கதறுவாள் என்று பயந்தேன். அவள் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "தண்ணி கொடுத்தேளா மாமா? கேட்டப்போ கொடுத்தேளா?"

அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்பிய டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். பத்து நாள் வெயிலில் கிடந்த உடம்புபோல இருக்கிறது, ஒரு பொட்டு ஈரம் இல்லை என்று சொல்லிவிட்டு, தன் ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் தெருவில் முன்னும் பின்னும் நடந்தார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இன்னொரு குழந்தை பிறந்திருப்பதாகவும், பையன் என்றும், முகுந்தன் என்று பெயர் வைத்திருப்பதாகவும் யாரோ சொன்னார்கள். நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் உத்தேசப் பெயர் போடுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். தெரியாது என்று வருகிறவனைத் தெரிந்துகொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறேன். தொழில் பாதியாகிவிட்டது.

போன ஐப்பசியில், ஒரு பிற்பகல், பக்கத்து அப்பள டிப்போவிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்கு புனேயிலிருந்து போன். அப்பளம் இடுகிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"சிவசைலம்," என்றான் சுந்தர்ராமன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "முகுந்தனுக்குப் பத்து மாசம். பேச ஆரம்பிச்சுட்டான்."

"சந்தோஷம். அம்மா சொல்றானா?"

"இல்லை. பேர் சொல்றான்."

நான் பக்கத்தில் இருந்த மாவு மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊர்ப் பேரோட சேத்து, முழுப் பேரா, தெளிவாச் சொல்றான். வீரவநல்லூர் சங்கரலிங்கம்னு முதல்ல சொன்னான். முதல்ல ஒரு நாளைக்கு ஒண்ணு. இப்போ பத்து, பதினஞ்சு. தெலுங்குப் பேர் வரது, வங்காளிப் பேர் வரது. ஒண்ணு விடாம எழுதறேன். நாலு நோட்டு ஆச்சு. ஸ்ரீலக்ஷ்மி வேலையை விட்டுட்டா. நான் தூங்கறப்போ அவ எழுதறா."

பின்னணியில் ஒரு மழலைச் சிரிப்பு கேட்டது. பிறகு அந்த வாயிலிருந்தே, எழுத்தெழுத்தாகத் தெளிவாக, யாரோ ஒரு கிழவியின் பெயர்.

 "உடம்பு எப்படி இருக்கு குழந்தைக்கு? நன்னா சாப்பிடறானா?" என்று கேட்டேன்.

"நன்னா இருக்கான். பால் குடிக்கறான், சாதம் சாப்பிடறான். தண்ணிதான் இன்னும் கேக்கலை." நோட்டில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஆனா ஒவ்வொரு பேரையும் சொல்லிட்டு, சிவசைலம், என் கையையே பாத்துண்டு உக்காந்திருக்கான்."